நர்ஸ் ராதாவின் வேலை நேரம்

வங்க எழுத்தாளர் ஆசுதோஷ் முகோபாத்யாயின் 'நர்ஸ் மித்ரா' என்ற சிறுகதை மூன்று மொழிகளில் திரைப்படமாகியிருக்கிறது. 1959இல் அசித் சென் இயக்கத்தில் வங்காளத்தில் 'தீப் ஜ்வேலே ஜாய்' வந்தது; சுசித்ரா சென் செவிலியாக நடித்தார். அடுத்த ஆண்டே தெலுங்கில் 'சிவரகு மிகிலேதி' என்ற பெயரில் சாவித்திரி அந்த வேடத்தை ஏற்றார். ஏறக்குறையப் பத்தாண்டுகளுக்குப் பிறகு அசித் சென்னே அதே கதையை 'காமோஷி' என்று இந்தியில் எடுத்தபோது வஹீதா ரஹ்மான் நடித்தார். மூன்று மொழிகளிலும் அந்தந்தக் காலத்தின் மிகச் சிறந்த நடிகையரைத் தேடிச் சென்ற கதை இது. அதற்குக் காரணம் இருக்கிறது. நடிக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் ஒரு பெண்ணாக நடிக்க வேண்டிய வேடம் அது.

'காமோஷி'யின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனநல மருத்துவமனை ஒன்றின் தலைமை மருத்துவர், முன்னாள் ராணுவத்தவர், எல்லோருக்கும் கர்னல் சாகிப். காதலில் தோற்று மனம் பிறழ்ந்த ஆண்களைக் குணப்படுத்த அவர் ஒரு சிகிச்சைமுறையைச் சோதித்துப் பார்க்கிறார். நோயாளிக்குத் தாயின் பரிவையும் காதலியின் அன்பையும் ஒரு செவிலி தர வேண்டும். அந்த அன்பு நடிப்பாக இருக்க வேண்டும். நோயாளிக்கு அது நடிப்பென்று தெரியக் கூடாது. தேவ் என்ற நோயாளியிடம் இந்த முறையைச் செய்து காட்டுபவள் நர்ஸ் ராதா. தேவ் குணமாகிப் போய்விடுகிறான். ராதாவுக்குள் அவன் போகவில்லை. அடுத்து அருண் என்ற நோயாளி வருகிறான். ராதா தயங்குகிறாள், பிறகு ஒப்புக்கொள்கிறாள். அருணும் குணமாகிறான். ராதா உடைந்துபோகிறாள். அருண் இருந்த அதே வார்டில் அவளை நோயாளியாகச் சேர்க்கிறார்கள்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இதைக் காதல் காவியம் என்பார்கள், அல்லது தியாகத்தின் கதை என்பார்கள். கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவையும் ஹேமந்த் குமாரின் இசையையும் சொல்வார்கள். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் மனநல நிலையங்களில் வேலை பார்த்த பெண்கள் இந்தப் படத்தைப் பார்க்கும்போது வேறொன்று கண்ணில் படும். இது ஒரு பணியிடத்தின் கதை. படத்தில் நடப்பவை அனைத்தும் வேலை நேரத்தில், மேலதிகாரி சொன்னதன் பேரில் நடப்பவை.

படத்தின் முடிவில் கர்னல் வருந்துகிறார். ராதாவிடம் செவிலியை மட்டும் பார்த்தேன், அவளுக்குள் இருந்த பெண்ணைப் பார்க்கத் தவறிவிட்டேன் என்பதுதான் அவருடைய வருத்தத்தின் சாரம். பார்வையாளர்கள் நெகிழும் இடம் அது. இந்தக் கட்டுரை அந்த வருத்தத்தோடுதான் முரண்படுகிறது. கர்னல் ராதாவிடம் பெண்ணைத்தான் முதலிலிருந்து பார்த்தார். தாயாகவும் காதலியாகவும் இருக்கத் தெரிந்தவள் என்று எண்ணித்தான் அந்த வேலையை அவளிடம் கொடுத்தார். அவர் பார்க்கத் தவறியது செவிலியை. அவளை ஒரு பணியாளராகப் பார்த்திருந்தால் சில கேள்விகளைக் கேட்டிருப்பார். ஒரு நோயாளியின் சிகிச்சை முடிந்ததும் அவளுக்கு எத்தனை நாள் ஓய்வு? தேவ் போன பிறகு அவள் யாரிடம் பேசினாள்? இந்த முறைக்கு அவளுக்கு என்ன பயிற்சி தரப்பட்டது? முடியாது என்று அவள் சொல்ல முடியுமா, சொன்னால் வேலை இருக்குமா? படத்தில் இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை. ஏனென்றால் அன்பு பெண்ணுக்கு இயல்பு, இயல்புக்குப் பயிற்சியோ ஓய்வோ வேண்டியதில்லை என்று மருத்துவரோடு சேர்ந்து படமும் நம்புகிறது.

இத்தனைக்கும், சிகிச்சையில் எழும் காதலைப் பற்றி மருத்துவ உலகம் அறியாமல் இல்லை. தன்னிடம் வரும் நோயாளி தன்மேல் காதல் கொள்வதை எப்படிக் கையாள்வது என்று பிராய்டு 1915இலேயே ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் காதலுக்கு இணங்கக் கூடாது, அதை உதறித் தள்ளவும் கூடாது, சிகிச்சையின் ஒரு பகுதியாக அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் மருத்துவர்களுக்குச் சொன்னது. மருத்துவருக்கு அது தொழில்சார்ந்த ஆபத்து. அதற்கு விதிகள் உண்டு. அதே ஆபத்தில் ஒரு செவிலியை இறக்கிவிடும்போது விதிகள் காணாமல் போகின்றன. மிஞ்சுவது அவளுடைய மனசு மட்டும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்டு 1983இல் வெளியிட்ட நூலில் 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து, சம்பளத்துக்காக உணர்ச்சிகளை உண்டாக்குவதும் அடக்குவதும் ஒரு உழைப்பு என்றார். அதில் இரண்டு வகையைப் பிரித்தார். முகத்தில் மட்டும் சிரிப்பை வரவழைத்துக்கொள்வது ஒன்று. அந்த உணர்ச்சியை உள்ளுக்குள் நிஜமாகவே வரவழைத்துக்கொள்வது இன்னொன்று. அதை ஆழ்நடிப்பு எனலாம். ஆழ்நடிப்பு செய்கிறவருக்கு எது தன் உணர்ச்சி, எது வேலைக்கான உணர்ச்சி என்ற கோடு அழியத் தொடங்கும். ராதாவுக்கு நேர்ந்தது அதுதான். அந்த நூல் வருவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே வங்கத் திரை அதைக் காட்டிவிட்டது. காட்டியதற்கு உழைப்பு என்று பெயர் வைக்கத்தான் அதற்குத் தெரியவில்லை.

நம் மொழியிலும் இதற்கு ஒரு தடயம் உண்டு. நர்ஸ் என்பதற்கு நாம் எழுதும் சொல் செவிலியர். சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். தோழி அவளுடைய மகள் என்கிறது தொல்காப்பியம். தலைவி காதலனோடு போய்விட்டால் பாலை வழியில் தேடிப் போகிறவள் செவிலி. வழியில் வருகிறவர்களிடமெல்லாம் விசாரிப்பவள் அவள். தான் பெற்ற மகள் பக்கத்தில் நிற்க, வளர்த்த மகளுக்காகக் கால் நோக நடக்கும் அந்தப் பெண்ணின் சொந்த வீட்டைப் பற்றியோ, அவளுடைய களைப்பைப் பற்றியோ பாடல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. ஒரு தொழிலுக்கு இந்தப் பெயரை நாம் சூட்டியபோது தாய்மையைச் சேர்த்தே சூட்டினோம். தாய் மணி பார்க்க மாட்டாள், சம்பள உயர்வு கேட்க மாட்டாள் என்ற எதிர்பார்ப்பும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது.

*

இதை நான் திரைப்படத்தை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. சமூகப் பணியில் முதுகலை முடித்த பிறகு மூன்று ஆண்டுகள் ஒரு சிறிய மனநல மறுவாழ்வு இல்லத்தில் வேலை பார்த்தேன். அங்கே இருபத்திரண்டு பெண்கள் தங்கியிருந்தார்கள். ஊழியர்கள் எட்டுப் பேர், எட்டுப் பேரும் பெண்கள். மனநல மருத்துவர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். நிறுவனர் தினமும் வருவார்.

சிறிய இடத்தில் வேலை என்பது எப்படி இருக்கும் என்று மாணவிகள் கேட்பதுண்டு. என் நியமனக் கடிதத்தில் சமூகப் பணியாளர் என்றிருந்தது. காலை ஏழரைக்கு மாத்திரைத் தட்டோடு வரிசையாக நின்று, விழுங்கிவிட்டார்களா என்று நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வதில் நாள் தொடங்கும். அப்புறம் பேன் பார்ப்பது, தலை வாருவது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காகக் கலெக்டர் அலுவலகத்தில் வரிசையில் நிற்பது. ஆதார் இல்லாதவருக்கு ஆதார், ஊர் நினைவில்லாதவருக்கு ஊர் தேடுவது. அண்ணனுக்குப் போன் போட்டு, தங்கச்சி நல்லா ஆயிட்டாங்க, ஒரு தடவை வந்து பாருங்க என்று கெஞ்சுவது. அவர் எண்ணை மாற்றிவிட்டால் அண்ணியின் எண்ணைத் தேடுவது. சாயங்காலம் நன்கொடையாளருக்கு அறிக்கை எழுதுவது. வாரத்தில் இரண்டு இரவு அங்கேயே படுப்பது. இதற்கிடையில் குழுவாக உட்கார்ந்து பேசும் நேரம், தனித்தனியாகப் பேசும் நேரம். படித்த படிப்பு அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான்.

இந்த வேலையில் சந்தோஷம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான்கு மாதமாக ஒரு சொல் பேசாத பெண் ஒருநாள் சாம்பாரில் உப்பு பத்தலை என்றார். சமையல் அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். பெரிய மருத்துவமனையின் நெரிசலில் அந்த உப்பு யார் காதிலும் விழுந்திருக்காது. சிறிய இடங்களின் பலம் அது. ஆளுக்கு ஆள் முகம் தெரியும், பெயர் தெரியும், யாருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று தெரியும். தமிழ்நாட்டில் இப்படியான இடங்களைத் தொடங்கியவர்களில் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள் என்பதும் நினைக்கத்தக்கது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். வீடற்று அலைந்த மனநோயுற்ற பெண்களுக்காக 1993இல் 'தி பான்யன்' தொடங்கியவர்கள் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள்.

சிறியது என்பதாலேயே ஓரிடம் நல்லதாகிவிடாது என்பதையும் இதே மண் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் இப்படியான இல்லங்களின் பக்கம் அரசும் நீதிமன்றமும் திரும்பின. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை முற்றாகத் தடை செய்தது. மனநல நிலையங்கள் பதிவு பெற வேண்டும் என்றது. நிலையத்தில் இருப்பவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, அவர் வேலை செய்தால் உரிய ஊதியம் தர வேண்டும் என்றும் சொன்னது. பல்லாண்டுப் போராட்டத்தில் கிடைத்த நல்ல விதிகள் இவை. நோயாளியின் உழைப்பு சுரண்டப்படலாம் என்று யோசித்த சட்டம் இருக்கிறது. அவரைக் கவனிக்கிறவரின் உழைப்பைப் பற்றி யோசிக்கும் பொறுப்பு பொதுவான தொழிலாளர் சட்டங்களுக்கு விடப்பட்டிருக்கிறது. அங்கேதான் சிறிய நிலையங்களின் பெண்கள் விழுந்துவிடுகிறார்கள்.

எட்டு என்ற எண்ணை முன்பு சொன்னேன். அந்த எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. கடைகள், நிறுவனங்கள் என்ற வகையில் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடங்களுக்குத்தான் 1961இன் மகப்பேறு நலச் சட்டம் பொருந்தியது. 1972இன் பணிக்கொடைச் சட்டத்துக்கும் பத்துதான் கணக்கு. வருங்கால வைப்பு நிதிக்கு இருபது. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த எண்களை அப்படியே வைத்துக்கொண்டது. 2017இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். எட்டுப் பேர் வேலை செய்யும் இல்லத்தில் அந்த 26 வாரம் வாசலோடு நின்றுவிட்டது.

என்னோடு இரவுப் பணி பார்த்த உதவியாளர் ஒருவர் கர்ப்பமானார். ஏழாம் மாதம் வரை குனிந்து தரை துடைத்தார். சம்பளமில்லாமல் இரண்டு மாதம் விடுப்பு கிடைத்தது. நிறுவனர் வளையல் வாங்கிக் கொடுத்து, எல்லோர் முன்னாலும், "நீ நம்ம வீட்டுப் பொண்ணும்மா, உனக்கு இங்க எப்பவும் இடம் உண்டு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே பாசத்தோடுதான் சொன்னார். அந்தப் பெண்ணும் கண் கலங்கினார். வீட்டுப் பெண்ணுக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்ற கணக்கு கிடையாது என்பதைத்தான் அந்த வாக்கியம் சேர்த்துச் சொன்னது.

குடும்பம் என்ற சொல் சிறிய நிலையங்களில் செய்கிற வேலை இது. நிதி குறைந்தால் எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும், குடும்பம்தானே. இரவு பதினொன்றுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், குடும்பம்தானே. எதிர்த்துக் கேட்டால் சேவை மனப்பான்மை போதவில்லை. ஆனால் குடும்பத்துக்குள் இருக்கும் படிநிலை அங்கேயும் அப்படியே இருக்கும். மருத்துவர் சார், உளவியலாளர் மேடம், நான் பெயரோடு ஒரு மேடம், உதவியாளர்கள் அக்கா, துப்புரவு செய்பவர் ஆயா. இரவில் படுக்கையை நனைத்துவிட்டவரின் துணியை மாற்றுவது யார், கழிவறையைக் கழுவுவது யார் என்று பார்த்தால் அந்தப் பட்டியலின் கீழ்முனைக்குத்தான் போகும். அந்தக் கீழ்முனையில் எந்தச் சாதிப் பெண்கள் இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.

ஹாக்ஷில்டு இன்னொன்றும் சொன்னார். அந்தஸ்து உள்ளவருக்கு மற்றவர்களின் கோபத்திலிருந்து ஒரு கவசம் இருக்கிறது. பெண்களுக்கு அந்தக் கவசம் மெலிது. மருத்துவரிடம் பணிவாகப் பேசும் நோயாளியின் அண்ணன் உதவியாளரிடம் கத்துவார். அடியும் கடியும் படுவது மாத்திரை எழுதிக் கொடுத்தவர் அல்ல, அதை ஊட்டுகிறவர். இதில் நோயாளிகளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பயந்துபோன ஒருவர் கைக்கு எட்டியவரைத் தள்ளுவார். கைக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் யாரை நிறுத்துகிறோம், ஒற்றை ஆளாக ஏன் நிறுத்துகிறோம் என்பதுதான் கேட்க வேண்டியது.

பாலியல் தொல்லை பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் மட்டும் சிறிய இடங்களுக்கு ஒரு கதவு இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் உள் புகார்க் குழு அமைக்க வேண்டியதில்லை. ஆனால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். புகார் முதலாளி மீதே என்றாலும் அங்கேதான் போக வேண்டும். பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பு தர வேண்டியது முதலாளியின் கடமை என்கிறது அந்தச் சட்டம். நான் வேலை பார்த்த மூன்றாண்டுகளில் அந்தக் குழுவைப் பற்றி ஒரு சுவரொட்டியும் பார்த்ததில்லை.

*

ராதாவிடம் திரும்பலாம். அவள் உடைந்தது அதிகமாகக் காதலித்ததால் என்று படம் சொல்கிறது. நாம் வேறு மாதிரி படிக்கலாம். தேவின் சிகிச்சை முடிந்த அன்று அவளுக்கு ஓய்வு கிடைத்திருந்தால், வாரம் ஒருமுறை மூத்த ஒருவரிடம் உட்கார்ந்து தனக்கு என்ன நடக்கிறது என்று பேசியிருந்தால், அருணைக் கவனிக்கத் தயங்கியபோது அந்தத் தயக்கத்தை ஒரு மருத்துவத் தகவலாக யாராவது எடுத்துக்கொண்டிருந்தால், கதை வேறாக இருந்திருக்கும். ஆலோசகர்கள் சூப்பர்விஷன் என்று சொல்வது இதைத்தான். கண்காணிப்பு என்று நம் ஊரில் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கேட்கிறவரைக் கேட்க ஒருவர் வேண்டும் என்பதே அதன் பொருள். சிறிய நிலையங்களில் செலவு குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அது. வெட்ட அது முதலிலேயே அங்கே இருந்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

ராதாவின் உழைப்பைப் பற்றிப் பேசினால் நோயாளியின் உரிமை பின்னுக்குப் போய்விடாதா என்று சிலர் கேட்கலாம். படமே அதற்குப் பதில் தருகிறது. கர்னலின் முறையில் ஏமாற்றப்பட்டவர்கள் இருவர். செவிலியிடம் அவளுக்கு என்ன ஆபத்து என்று சொல்லவில்லை. நோயாளியிடம் அவனுக்கு என்ன சிகிச்சை தரப்படுகிறது என்றே சொல்லவில்லை. அறிந்து தரும் ஒப்புதல் இருவரிடமும் பெறப்படவில்லை. இருவருக்கும் நன்மை எது என்று தெரிந்தவர் ஒருவர்தான். பணியாளரின் குரலுக்கு இடமில்லாத நிலையத்தில் நோயாளியின் குரலும் கேட்காது. சரியாகத் தூங்காத உதவியாளர் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிடலாம். தனியாக இரவுப் பணி பார்ப்பவர் பயத்தில் கதவை வெளியே பூட்டிவிடலாம். பூட்டிய கதவுகள் என்ன செய்யும் என்பதை ஏர்வாடிக்குப் பிறகு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிறிய நிலையங்களிடம் பணமில்லை என்பது நிஜம். நன்கொடையாளர்கள் கட்டடத்துக்குக் கொடுப்பார்கள், வேனுக்குக் கொடுப்பார்கள், சம்பளத்துக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். எனவே நிறுவனரின் மனசை மட்டும் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. அரசும் நன்கொடை தருகிறவர்களும் ஊழியரின் ஊதியத்தையும் விடுப்பையும் சிகிச்சைச் செலவாகவே கணக்கிட வேண்டும். பத்து என்ற வரம்பு பராமரிப்புப் பணிக்கு ஏன் பொருந்த வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் கேட்க வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்து இருபத்திரண்டு உயிர்களைக் காக்கும் இடத்தில், எண்ண வேண்டியது எட்டையா இருபத்திரண்டையா?

உளவியலும் சமூகப் பணியும் செவிலியமும் படிக்கும் மாணவிகள் பலர் இப்படியான இடங்களில்தான் முதல் வேலைக்குப் போவார்கள். போகலாம், போக வேண்டும். நேர்முகத் தேர்வில் அவர்கள் உங்களைக் கேட்டு முடித்ததும் நீங்களும் கேளுங்கள். எழுத்தில் நியமனக் கடிதம் உண்டா? இரவுப் பணியில் எத்தனை பேர் இருப்போம்? மறுநாள் விடுப்பு உண்டா? எனக்கு சூப்பர்விஷன் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஒரு நோயாளியைக் கவனிக்க என்னால் முடியாது என்று நான் சொன்னால் என்ன செய்வீர்கள்? இந்த மாவட்டத்தின் உள்ளூர்க் குழு எங்கே இருக்கிறது? அவர்கள் சிரித்துக்கொண்டே, இங்கே எல்லோரும் ஒரே குடும்பம்மா என்று பதில் சொன்னால், கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள்.